பத்திரிகைச் சின்னமும் பத்துக் கால்களும்

குழந்தைகள் பத்திரிகை வேலையில் ஒரு விசேஷம் உண்டு. பெரியவர்கள் நாம் எழுதியதைப் படிப்பார்கள். குழந்தைகள் நாம் கோட்டை விட்டதைப் படிப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், பிள்ளைகளுக்குப் பல் பிடுங்குகிற டாக்டர்கள், வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது விளக்காமலே விளங்கும். நீங்களெல்லாம் என் கட்சி.

ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு குழந்தைகள் பத்திரிகை மேல்தான் விழ வேண்டும். கீழராஜ வீதிக்குப் பின்னால் ஓர் அச்சகத்திலிருந்து மாதம் இருமுறை வந்துகொண்டிருந்த 'குட்டி நண்டு' அவற்றில் ஒன்று. திருச்சியில் பி.ஏ. முடித்த கையோடு நான் அதில் சேர்ந்தேன். கதை எழுதுவது, படம் போடுவது, தபால் பிரிப்பது எல்லாம் நான். ஆசிரியரும் முதலாளியும் மாணிக்கம் ஸார். மிஷினை ஓட்டுவது காதர் பாய். நான்காவது ஆளிடம் பேச வேண்டிய அவசியமே இருக்காது என்பதால் எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

நான் சேர்ந்த சமயம் சென்னையிலிருந்து மூன்று வர்ண அட்டையோடு பத்திரிகைகள் வந்து இறங்கின. எங்கள் கட்டுகள் ஏஜெண்டுகளிடமிருந்து கயிறுகூட அவிழ்க்கப்படாமல் திரும்பி வந்தன. இன்னும் ஆறு இதழ் பார்ப்பது, தேறாவிட்டால் பத்திரிகையை மூடிவிட்டுக் கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீஸும் மட்டும் அடிப்பது என்று ஸார் தீர்மானித்தார். வீட்டில் அப்பாவும் அதே ஆறு இதழைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். காரைக்குடியில் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு, "பெண் வேலையில் இருக்கிறாள், மூன்று மாதத்தில் விட்டுவிடுவாள் போலிருக்கிறது" என்று எழுதிப் போட்டிருந்தார். மாப்பிள்ளை நல்லவராம். எனக்கு நண்டுதான் பிடித்திருந்தது.

ஆறு கால் நண்டு

சின்னத்தை மாற்றினால் பத்திரிகை தேறும் என்பது ஸாரின் முதல் யோசனை. அதுவரை அட்டை மூலையில் உட்கார்ந்திருந்த நண்டு ஏதோ ஒரு சோடா லேபிளிலிருந்து எடுத்தது. பார்வைக்கு நசுங்கிய கடிகாரம். அட்டையில் அதுதான், கடிதப் பக்கத்தில் அதுதான், எங்கள் வாசகப் பிள்ளைகளின் நண்டுச் சங்கத்து உறுப்பினர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையிலும் அதுதான். "சித்தன்னவாசல்ல வரைஞ்சவன் ஆயிரம் வருஷம் நிக்கணும்னு வரைஞ்சான். எனக்கு ஆறு இதழ் நின்னாப் போதும்மா," என்று சொல்லி என்னிடம் காகிதத்தைத் தள்ளினார்.

நான் கல்லூரியில் படித்தது சரித்திரம். நண்டை வயல் வரப்பில் ஓடும்போது பார்த்திருக்கிறேன். ஓடுகிறதன் காலை யார் எண்ணுவார்கள்? இரண்டு கொடுக்கு, பக்கத்துக்கு மூன்று கால், தலையில் ஒரு குல்லா, வாயில் ஒரு சிரிப்பு என்று வரைந்தேன். திருச்சியில் அச்சு பிளாக் செய்து வந்து, அட்டையில் அச்சாகி, இதழும் போய்விட்டது. நான்காம் நாள் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவள் சுபைதா, ஏழாம் வகுப்பு. அவளுடைய அத்தாவுக்கு மீன் வியாபாரம். கார்டில் இருந்தது இவ்வளவுதான்:

"அன்புள்ள ஆசிரியருக்கு, உங்கள் நண்டுக்கு இரண்டு காலைக் காணவில்லை. யார் தின்றது?"

சாட்சிகள் வந்த பஸ்

ஸார் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் அல்ல. "இது கற்பனை நண்டு. கற்பனைக்குக் கால் கணக்கு கிடையாது" என்று சுபைதாவுக்குத் தம் கைப்பட பதில் எழுதிப் போட்டார். மறுவாரம் ஜெகதாப்பட்டினம் பஸ்ஸின் கண்டக்டர் சொட்டச் சொட்ட ஓர் ஓலைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஸார் சுத்த சைவம். வாசகர்கள் யாரோ பனங்கிழங்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆசையாகத் திறந்தார். ஈரச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கொடுக்கு எழுந்து அவரைப் பார்த்தது. மூடியின் உட்பக்கத்தில் ஒரு சீட்டு: "இவை நிஜம். எண்ணிப் பார்க்கவும்."

அடுத்த கால் மணி நேரம் அச்சகத்தில் ஒருவர் காலும் தரையில் இல்லை. நான் நாற்காலி மேல், ஸார் மேஜை மேல். ஒரு நண்டு எழுத்துப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்துகொண்டது. இன்னொன்று கடிதப் பக்கத்து புரூஃபைக் கவ்விக்கொண்டு மிஷினுக்கு அடியில் போய்விட்டது. காதர் பாய் மட்டும் நிதானமாக ஒவ்வொன்றையும் முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தூக்கிக் காட்ட, ஸார் மேஜை மேலிருந்தபடியே புரூஃப் பென்சிலை நீட்டி எண்ணினார். எட்டு, கொடுக்கோடு பத்து. நியாயத்துக்கு அடுத்ததையும் எண்ணினார். அதற்கும் பத்து. "எல்லாமே ஒரே மாதிரி சொல்லுதே," என்றார் வருத்தமாக. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏழு ஏத்தி விட்டாங்கங்க. அறந்தாங்கியில ஒண்ணு இறங்கிருச்சு. டிக்கெட் வாங்காததால நானும் எங்கிட்டுப் போறேன்னு கேக்கலை."

தேரிலிருந்து இறங்கிய நண்டு

இரண்டாம் இதழுக்கு ஐந்தே நாள் இருந்தது. திருச்சிக்கு அனுப்பிப் புது பிளாக் வாங்க நேரமில்லை. மரத்தில் செதுக்கிவிடலாம் என்று ஸார் ஓர் ஆசாரியைப் பிடித்து வந்தார். நாற்பது வருஷமாகக் கோயில் தேர்களுக்குச் சிற்பம் செதுக்கியவர். இரண்டே நாளில் கட்டையைக் கொடுத்துவிட்டார். நானும் ஸாரும் மாறி மாறிக் கால்களை எண்ணினோம். பத்து. கைகுலுக்காத குறை.

கால்களைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை என்பது அச்சான பிறகுதான் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் யாளி செதுக்கிய கை, கோரைப் பல் இல்லாமல் ஒரு பிராணியை வெளியே விடச் சம்மதிக்கவில்லை. எங்கள் நண்டுக்கு முழி பிதுங்கியிருந்தது, நாக்கு தொங்கியது, குல்லா இருந்த இடத்தில் பிடரி மயிர் புறப்பட்டிருந்தது. இதழ் வெளியான மூன்றாம் நாள் அரிமளத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். இதழை வேறொரு காகிதத்தில் சுற்றி, சுற்றியதை மஞ்சள் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கோபமெல்லாம் இல்லை, தகவல் சொல்லும் தோரணைதான்:

"சோறு திங்கலைன்னா நண்டு வரும்னு இதைக் காட்டுனேங்க. இப்ப நல்லாத் திங்கிறான். ஆனா நண்டு வர்றதுக்குள்ள திங்கணும்னு ஒரு நாளைக்கு ஆறு தடவை சோறு கேக்குறான்."

கன்னத்தில் பொட்டு

மூன்றாம் இதழுக்குத் திருச்சியிலிருந்து ஒழுங்கான பிளாக் வந்தது. பத்துக் கால், பழைய சிரிப்பு, பழைய குல்லா. பிளாக் என்பது துத்தநாகத் தகடு. அதை ஒரு கட்டைமேல் வைத்துச் சின்னச் சின்ன ஆணியால் அடித்திருப்பார்கள். மிஷின் ஓட ஓட, நண்டின் இடது கன்னத்தில் இருந்த ஆணி மெல்ல எழுந்து மையை வாங்கிக்கொண்டது. அச்சடித்து முடிக்கும்வரை யாரும் கவனிக்கவில்லை. அட்டை அட்டையாகக் கன்னத்தில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. ஸார் அன்று காபி குடிக்கவில்லை. மீதமிருப்பது மூன்றே இதழ்.

நான்காம் இதழில் காதர் பாய் ஆணியை அடித்து உட்காரவைத்துவிட்டார். கன்னம் சுத்தமாக வந்தது. உடனே தபால்காரர் தூக்க முடியாமல் கடிதங்களைத் தூக்கி வந்தார். பொட்டை யார் அழித்தது என்று பாதிப் பேர் கேட்டார்கள். அது திருஷ்டிப் பொட்டு, இனி நண்டுக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று மீதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் தன்னிடமிருந்த இதழில் தானே பேனாவால் பொட்டு வைத்து, இப்படி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு மாதிரிக்காக அனுப்பியிருந்தான். அந்த முறை கட்டுகள் திரும்பின, ஆனால் கயிறு அவிழ்க்கப்பட்டு, கொஞ்சம் இளைத்துத் திரும்பின. ஸார் அவற்றைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அடுத்த இதழில் பொட்டு வேண்டும் என்று காதர் பாயிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்தார்:

"இருபது வருஷமா எந்திரிச்ச ஆணியை உக்கார வச்சுக்கிட்டிருந்தேன். இப்ப உக்காந்திருக்கிற ஆணியை எழுப்பி விடச் சொல்றீங்க. இதைத்தான் பி.ஏ.வுல சொல்லித் தர்றாங்களா தங்கச்சி?"

சிவப்பு

ஐந்தாம் இதழில் ஸார் துணிந்து இரண்டாவது வர்ணம் போட்டார். தேர்தல் நோட்டீஸ் அடித்து மிஞ்சிய சிவப்பு மை இருந்தது. குழந்தைகளுக்குச் சிவப்பு பிடிக்கும் என்று நானும் சொன்னேன். நண்டு அட்டையில் தகதகவென்று ஜொலித்தது. ஜெகதாப்பட்டினத்துக் கார்டும் அதே வேகத்தில் வந்தது: "அன்புள்ள ஆசிரியருக்கு, நண்டு சிவந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கடலில் உயிரோடு இருக்கிற நண்டு நீலம். உங்கள் நண்டு குழம்பிலிருந்து எழுந்து வந்து கதை சொல்கிறதா?"

உயிருள்ள ஆறு நண்டுகள் இதே அறையில் ஓடியபோது ஸாரும் நானும் என்ன நிறத்தைக் கண்டோம்? சைவமான ஸாரைச் சொல்லிக் குற்றமில்லை. காதர் பாய்க்குமா தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். அவர் சாயம் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு சற்று வெட்கத்தோடு சொன்னார்:

"பாக்க நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி. மிஷின் ஓடுனது சாப்பாட்டு நேரம் பாருங்க."

இரண்டடி பக்கவாட்டில்

ஆறாம் இதழில் நண்டு நீலம், கால் பத்து, கன்னத்தில் பொட்டு. அதே நண்டு அட்டை வில்லையாகவும் இதழுக்குள் இருந்தது. வில்லையின் பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று நான் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: 'நண்டுச் சங்கத்தார் ஒருவரை ஒருவர் கண்டால் இரண்டடி பக்கவாட்டில் நடந்து வணக்கம் சொல்ல வேண்டும்.' இதழை அனுப்பிவிட்டு ஸார் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை மேஜைமேல் பரப்பினார். அப்பா காரைக்குடிக்கு எழுதக் கவர் வாங்கி வைத்தார்.

ஒரு வாரம் கழித்துத் திருமயம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியர், பத்திரிகை ஆசிரியர் உடனே நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தார். "நீ போயிட்டு வாம்மா. பொம்பளைப் பிள்ளைன்னா சத்தம் போட மாட்டார்," என்று ஸார் என்னை பஸ் ஏற்றினார். சத்தம் போட்டார். மேஜைமேல் பறிமுதல் செய்த நீல வில்லைகள் ஒரு குவியல். "காலையில பிரேயருக்கு வரிசையா நிக்கிறாங்க. ஒருத்தன் பக்கத்துல நிக்கிறவனைப் பாக்குறான், ரெண்டடி நகர்றான். அவன் அடுத்தவனைப் பாக்குறான், அவனும் நகர்றான். பாட்டு முடியறதுக்குள்ள மொத்தப் பள்ளிக்கூடமும் கெணத்தடிக்குப் போயிருச்சு. கொடிக்கம்பத்துக்கிட்ட நான் மட்டும் நிக்கிறேன்." நான் தரையைப் பார்த்தேன். அப்போது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த பியூன், என் கையிலிருந்த இதழைப் பார்த்ததும், தம்ளரோடு இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டு வைத்தார். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "நேரா நடக்கிற மாதிரி ஒரு நண்டைப் போடுங்க. இல்லைன்னா உங்க பத்திரிகை இந்த காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது."

இருந்தாலும் சொன்னேன்: "நேரா நடக்கிற நண்டு எங்ககிட்ட இல்லைங்க ஸார்." அவர் அந்த இடத்திலேயே மணியடித்து, பையன்களை வரவழைத்து, பத்திரிகைக்குத் தடை என்று அறிவித்தார்.

பஸ்ஸுக்காகக் கடைத்தெருவில் நின்றபோது வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து புறப்பட்ட கூட்டம் வீட்டுக்குப் போகாமல் எங்கள் ஏஜெண்டின் கடையை மொய்த்தது. அதுவரை வாங்காதவர்களும் தடை செய்ததைப் பார்க்க வந்திருந்தார்கள். ஏஜெண்டு என்னை அடையாளம் கண்டு, இன்னும் இரண்டு கட்டு வேண்டும், நாளை முதல் பஸ்ஸில் வேண்டும் என்று சிகரெட் அட்டையில் எழுதி என் கையில் திணித்தார். மறுநாளே வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் அதே மாதிரி கேட்டு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய மாலையே நான் சீட்டை ஸாரிடம் கொடுத்து, தடை விஷயத்தையும் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை ஒன்றாக அடுக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என்னைக் கொஞ்சம் குறையோடு பார்த்தார்:

"தடையை எழுத்துல வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா? அட்டையில நண்டுக்குப் பக்கத்துலயே போட்டிருப்போமே."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். அத்தனை வருஷத்தில் பத்திரிகையின் வளர்ச்சிக்காக நான் வாய் திறந்து பேசியது தலைமையாசிரியரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான், அதற்கும் கிடைத்தது தடைதான்.