மேரி அக்கா பெயரில் வந்த இரண்டு தந்திகள்

உயிரோடு இருந்த ஒரு பெண்ணை நான் தந்தியில் சாகடித்தேன். ஒரு பாட்டுக் கச்சேரி பார்க்கப் போவதற்காக!

சுற்றிவளைத்துப் பேசுவதில் நான் கெட்டிக்காரன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மட்டக்களப்பில் திருவிழாவோ கலியாணமோ விளையாட்டுப் போட்டியோ, ஒலிவாங்கியைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் குரல் தடுமாறி யாரும் கேட்டதில்லை. இந்தக் கதையிலும் அது ஓரிடத்திலாவது தடுமாறியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

நீங்கள் என்னை நம்பவேண்டும் என்று கேட்கமாட்டேன். நம்பியவர்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

யுத்த காலம். எங்கள் ஊரான தன்னாமுனையில் மின்சாரம் இல்லை. எனக்கும் அன்ரனுக்கும் சிவத்துக்கும் பத்தொன்பது வயது. மூவருக்கும் ஒரே பைத்தியம், அதன் பெயர் ‘பேரிடி’. கொழும்பில் நான்கு பேர் சேர்ந்து நடத்திய ரொக் கோஷ்டி அது. மின் கித்தாரும் டிரம்ஸுமாகத் தமிழில் பாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வானொலியில் அரைமணி நேரம் அவர்கள் பாட்டுப் போகும்.

அந்த அரைமணிக்காக அன்ரன் வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது அன்ரன். அவன் களைத்தால் பாட்டும் களைத்துவிடும். உள்ளே தையல் மிஷினில் இருந்தபடி அவன் தாய் றெஜினா மாமி கேட்பார்:

“இங்க விழுற இடி போதாதெண்டா பேரிடியும் கேக்கிறீங்க?”

ஒரு ஞாயிறு, பேரிடி ஊர் ஊராகப் பாடப் போவதாக அறிவித்தார்கள். கண்டி, குருநாகல், நீர்கொழும்பு... மட்டக்களப்பு இல்லை. அந்த நாளில் எங்கள் பக்கம் யார் வருவார்கள்? நாங்கள்தான் போகவேண்டும். போவதற்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். அதைக் காட்டி இராணுவ முகாமில் பாஸ் எடுக்கவேண்டும்.

உண்மையைச் சொல்லித்தான் முதலில் கேட்டோம். கிராம சேவகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“பாட்டுக் கேக்கப் பாஸா? உங்களோட சேத்து என்னையும் உள்ள வச்சிருவாங்க. போங்க தம்பிமாரே.”

அன்ரனும் சிவமும் அன்றைக்கே ஆசையை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எனக்கு ஒன்று கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதை எடுத்தே தீருவேன். அந்தக் குணம் எனக்கு இன்றும் இருக்கிறது. நோய் என்றால் ஆஸ்பத்திரித் துண்டு கேட்பார்கள். கலியாணம் என்றால் அழைப்பிதழ் கேட்பார்கள். செத்தவீட்டுக்கு மட்டும் ஒரு தந்தி போதும் என்று விசாரித்து அறிந்துகொண்டேன்.

யாரைச் சாகடிப்பது? இல்லாத ஆளைச் சாகடிக்க முடியாது, கிராம சேவகருக்கு எல்லோருடைய சொந்தமும் விரல்நுனியில். பேரிடி பாடவிருந்த ஊர்களில் நெருங்கிய சொந்தம் குடியிருந்தது அன்ரனுக்கு மட்டும்தான், நீர்கொழும்பில். அவனுடைய ஒரே அக்கா மேரி அங்கே கலியாணம் முடித்துப் போயிருந்தார். அந்தப் பக்கம் வேலை செய்த என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு லொறிச் சாரதி ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினேன். தந்தியில் இருக்கவேண்டிய வாசகத்தையும் நானே எழுதினேன். ‘மேரி காலமானார். உடன் வரவும்.’ வெறும் நான்கு சொற்கள்!

அன்ரனிடம் ஏன் சொல்லவில்லை? அவனுக்குப் பொய் வராது. ஒரு சின்னப் பொய்க்கே காது சிவந்துவிடும். முந்திய மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சோதனைச்சாவடியில் அழுது நடித்துப் பிடிபட்டுத் திரும்பி வந்திருந்தார். ஆகவே அன்ரன் மெய்யாகவே அழட்டும், சாவடிகளைத் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தேன். அரைநாள் அழுகை, பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை... இப்படித்தான் யோசித்தேன். கொஞ்சமும் கூசவில்லை.

தந்தி வரும் நாளில் தபால் கந்தோர் வாசலில் காத்திருந்தேன். அதை நானே வாங்கி நேரே கிராம சேவகரிடம் கொண்டுபோவது திட்டம். மாமியின் காதுக்கு எட்டும் முன்பே அன்ரனோடு பஸ் ஏறிவிடவேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் சாவுத் தந்தியை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கையில் கொடுப்பதும் இல்லை. தபால்காரர் அதை வேதக் கோயிலில் கொடுத்துவிட்டுப் போவார். ஊரில் பிறந்தவர் எங்கே இறந்தாலும் துக்க மணி அடிக்கும். அதற்குப் பிறகு கோயில் மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்த மணிக்கயிற்றை நானே இழுத்திருக்கிறேன்! ஆனாலும் நினைவுக்கு வரவில்லை. பாட்டு நினைவில்தான் இருந்தேன்.

மணி கேட்டது. ஓடினேன்.

மாமி அழவில்லை. தையல் மிஷினின் சில்லைப் பிடித்தபடி நின்றார். மிஷினில் மேரி அக்காவுக்கென்று தைத்த சட்டை பாதியில் இருந்தது. அன்ரன் நிலத்தில் கிடந்து தலையால் மோதிக்கொண்டிருந்தான். மாமிக்கு மூச்சு இழுக்கும் தொய்வு நோய், அவ்வளவு தூரம் பயணம் செய்ய உடம்பு இடங்கொடாது.

“மனே, நீ அவனோட போவியா? அவன் தனியப் போகமாட்டான்.”

“நான் கூட்டிக்கொண்டு போறன் மாமி.”

அங்கே சொல்லியிருக்கலாம்... ஒரே ஒரு வசனம்! அடிப்பார்கள் என்ற பயமா? இல்லை. எனக்கு அந்த வயதில் யாருக்கும் பயமில்லை. கச்சேரி நாளை மறுநாள். சொன்னால் பாஸ் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், காரணம் அவ்வளவுதான்.

துக்கக்காரன் ஒருவனுக்கும் துணைக்கு இருவருக்குமாகப் பாஸ் கிடைத்தது. வழியில் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தோம். ஓரிடத்தில் இளம் சிப்பாய் ஒருவன் அன்ரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்காவா?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவனுக்குக் குடிக்கக் கொடுத்தான். எங்கள் பைகளைத் திறக்காமலே போகவிட்டான். என் பையின் அடியில் ‘பேரிடி’ என்று எழுதிய மூன்று கறுப்புச் சேட்டுகள் இருந்தன.

பொலநறுவைத் தேநீர்க்கடையில் நான் பையைத் திறந்தபோது சிவம் அவற்றைக் கண்டுவிட்டான். அன்ரன் அப்போது வெளியே முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

“மச்சான், இதை ஏன் கொண்டாந்தாய்?”

“செத்தவீட்டுக்குக் கறுப்புத்தானே போடுவாங்க” என்றேன். சிவம் என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு சேட்டுகளை மடித்துப் பையின் அடியிலேயே வைத்தான்.

சாவடிகளைத் தாண்டிவிட்டோம். சொல்வதாக இருந்த இடமும் போய்விட்டது. பஸ்ஸில் அன்ரன் என் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தான். இப்போது சொன்னால் சண்டை வரும், பயணம் கெடும், அக்காவையே நேரில் கண்டால் எல்லாம் சரியாகிவிடும்... இப்படி நினைத்து அவன் தலையைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

நீர்கொழும்பில் கதவைத் திறந்தது மேரி அக்காதான். முழங்கை வரை மா.

“என்னடா மூண்டு பேரும்? அம்மாக்கு என்ன?”

அன்ரன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அக்காவின் மா ஒட்டிய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சமும் தடுமாறவில்லை.

“தந்தி மாறி வந்திரிக்கி அக்கா. நீர்கொழும்பில மேரி எண்டு எத்தின பேர் இரிக்காங்க.”

நம்பிவிட்டார்கள். அன்றே அக்கா தாய்க்குத் தந்தி அடித்தார். அது தன்னாமுனைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் மாமி ஒரு வாய் சோறு உண்ணவில்லை என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் கடற்கரை மைதானத்தில் பேரிடி. இத்தனையும் சொன்ன பிறகு இதையும் மறைக்கமாட்டேன், கச்சேரி அருமை! முதல் அடியிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சைக்கிள் டைனமோவில் நாங்கள் கேட்டது அந்தப் பாட்டின் கால்வாசிகூட இல்லை. அன்ரன் சேட்டைக் கழற்றித் தலைக்குமேல் சுற்றி ஆடினான். பின்னால் மேரி அக்கா கைதட்டிக்கொண்டு நின்றார். அன்ரன் என் காதுக்குள் கத்தினான்:

“செத்த அக்கா உயிரோட, முன்னால பேரிடி. எனக்கு இனி ஒண்டும் வேணாம் மச்சான்.”

நானும் ஆடினேன். மனதார ஆடினேன்.

அன்ரன் நீர்கொழும்பிலேயே தங்கிவிட்டான். அடுத்த வருடம் படகேறி இத்தாலிக்குப் போனான். நான் ஊருக்குத் திரும்பிய அன்று றெஜினா மாமி என் நெற்றியில் சிலுவை போட்டு, என் இரண்டு கண்களிலும் முத்தமிட்டார். “என்ர புள்ளய உயிரோட பாத்த கண்” என்றார். சிவமும் கொஞ்ச நாளில் கனடாவுக்குப் போய்விட்டான். தந்தியடித்த என் அண்ணனும் இப்போது உயிரோடில்லை. நான் மட்டும் இங்கேயே இருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது சாவுத் தந்தி வந்தது.

மூன்று நாள் காய்ச்சலில் மேரி அக்கா இறந்துவிட்டார். இம்முறை மெய்யாக. சண்டை மூண்டு பாதையும் மூடியிருந்தது, யாரும் போக வழியில்லை. மூப்பர் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். தந்தியைக் கண்டதும் மாமி சிரித்தார்.

“திரும்பவுமா? போன முறையும் இப்பிடித்தானே கொண்டாந்தீங்க. இந்த முறை மணியில கை வச்சா நான் சும்மா இரிக்கமாட்டன்.”

மூப்பர் என் காதருகே சொன்னார்: “நீ சொன்னாக் கேப்பா தம்பி. சொல்லு.”

இந்தத் தந்தியும் மாறி வந்ததாக இருக்கலாம் என்று மூப்பருக்கே உள்ளூரச் சந்தேகம். ஊரில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். முதல் தந்தி மாறி வந்ததல்ல என்று அறிந்தவன் நான் ஒருவன்தானே? ‘மாமி, அது நான் செய்த பொய், இது உண்மை’ என்று சொன்னால் அவர் அங்கேயே விழுந்து அழுதிருப்பார். அழுது, மணி அடித்து, பூசை வைத்து, தாய் செய்யவேண்டியதைச் செய்திருப்பார்.

மாமி என் பக்கம் திரும்பினார். “மனே, நீ உன்ர கண்ணால பாத்தாய்தானே?”

“ஓம் மாமி. பாத்தன்.”

மணி அடிக்கவில்லை.

பிறகு, அக்கா இறந்ததை எழுதி மருமகனின் கடிதம் வந்தது. “அவன் வேற கலியாணம் கட்டப் பாக்கான்” என்றார் மாமி. யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் நீர்கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். “நான் போற நேரம் அவள் இங்க வந்தா?” என்று மறுத்துவிட்டார். அன்ரன் ஒருமுறை இத்தாலியிலிருந்து வந்து, அக்காவின் கல்லறைப் படத்தைக் காட்டி அழுதான். மாமி படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நீர்கொழும்பில மேரி எண்டு எத்தின பேர் இரிக்காங்க” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றும் வாய் திறக்கவில்லை! அன்ரனும் அந்த முதல் தந்தியைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்குத் தெரியுமா...? எனக்குத் தெரியாது.

இப்போது மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் நான் அவரிடம் போவேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, “சொல்லு மனே” என்பார். நான் சொல்லுவேன். கதவு திறந்தது, முழங்கை வரை மா, “என்னடா மூண்டு பேரும்”... எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! நன்றாகச் சொல்லுவேன். மாமியின் உதடுகளும் கூடவே அசையும்.

போன ஞாயிறு சொல்லி முடித்தபின், இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்.

“அப்ப அந்த முதல் தந்தி ஆருக்கு வந்தது மனே?”

“வேற மேரிட தாய்க்கு மாமி.” குரல் தடுமாறவில்லை.

“பாவம் அந்தத் தாய்” என்றார் மாமி. “அவவுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லியிரிக்கமாட்டாங்க. மகள் உயிரோட இரிக்காள் எண்டு பாத்துக்கொண்டு இரிப்பா.”

“ஓம் மாமி” என்றேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு எழுந்தேன்.

வருகிற ஞாயிறும் போவேன்.