கயிறு பிடிக்கிறவர்

பேருந்து ஓட்டுகிறவரிடம் வாழ்க்கையில் என்ன சாதித்தீர்கள் என்று கேட்டால், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன் என்பார், வீடு கட்டினேன் என்பார். நம்மவர் ரிவர்ஸ் எடுப்பதைச் சொல்வார். டிப்போவில் அவரை 'ரிவர்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில்தான் முழுசாக வெளியே வரும். நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன அலுமினியப் படகு ஒன்று வைத்திருந்தார். வாரம் முழுக்க அது வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் டிரெய்லர் மேல் கிடக்கும். ஞாயிறு காலை காரில் மாட்டி ஏரிக்குக் கொண்டுபோய், சிமெண்டுச் சரிவில் பின்பக்கமாக இறக்கவேண்டும். டிரெய்லரின் சக்கரம் முங்கியதும் படகு தானாக மிதந்து கிளம்பும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு குறுக்கே நிற்கும். பின்னால் வரிசையில் காத்திருக்கிறவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பார்ப்பார்கள். அது திட்டுவதைவிட மோசம்.

நம்மவர் ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி ஒரே மூச்சில் இறக்கிவிடுவார். அதோடு விடமாட்டார். அடுத்து இறக்குகிறவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். "இவருக்கு நாலு. அதோ அவருக்கு சைபர், பாவம், வண்டிக்காவது வலிக்காதா?"

மனைவிக்கு அங்கே ஒரே வேலை என்பது அவர் எண்ணம். படகு மிதந்ததும் விலகிப் போய்விடாமல் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வது. "நாய்க்குட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி நில்லு, போதும்" என்பார். வாரம் ஆறு நாள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வாய் வீங்கி வந்தவர்களின் கோபத்தையெல்லாம் கேட்டுப் பழகியவர் அவர். இதற்கும் சிரித்துவிட்டுப் போவார்.

பிறகு நம்மவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து, அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். கழுத்து இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேருந்தைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். படகு தார்ப்பாயின் கீழ் மாதக்கணக்கில் கிடந்தது. தாழ்வான டிரெய்லர் பக்கக் கண்ணாடியில் சரியாகத் தெரியாது. கழுத்தைத் திருப்பாமல் அவருக்கு அதை இறக்கவும் வராது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "உன் தம்பியை வந்து படகை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரான்" என்றார்.

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டார். "இந்த ஞாயித்துக்கிழமை நான் இறக்கிப் பார்க்கறேன். முடியலேன்னா அவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கழுத்து திரும்பாதா?"

அந்த வாரம் தினமும் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் படகோடு டிரெய்லரை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினார் அந்த அம்மாள். நம்மவர் ஜன்னல் பக்கமே போகவில்லை. காது மட்டும் அங்கே போனது. டிரெய்லர் கோணிக்கொண்டு நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: மனைவி தோற்கவேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். அவளே இறக்கிவிட்டால் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்ற பயம். இப்படி ஒரு அற்ப ஆசை நமக்கா என்று வெட்கப்பட்டுக்கொண்டே ஆசைப்பட்டார்.

ஞாயிறு வந்தது. சரிவின் மேலே காரை நிறுத்தி, படகின் மோட்டாரைத் தூக்கி வைத்தார்கள், கட்டியிருந்த பட்டைகளை அவிழ்த்தார்கள். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார். பின்னால் இன்னும் இரண்டு படகுகள் காத்திருந்தன.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் எடுத்தார். டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தது. நிறுத்தினார், கொஞ்சம் முன்னால் போனார், நேராக்கினார். அப்புறம் பிசிறில்லாமல் இறங்கியது. சக்கரம் முங்க, படகு மிதந்தது. வரிசையில் நின்ற ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எட்டு மார்க். கஞ்சத்தனம் பண்ணினாலும் ஏழுக்குக் குறையாது. சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவருக்கே பிடிபடவில்லை. மனைவி காரைக் கொண்டுபோய் மேலே நிறுத்திவிட்டு வரும்வரை கயிற்றைப் பிடித்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உடம்போடு திரும்பிப் பார்த்தபோது படகின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். பெட்ரோல் டப்பா மிதந்துகொண்டிருந்தது.

"ஐயோ! மூடி போடலையா?"

படகின் பின்புறத்தில் அடியில் ஒரு துவாரம் உண்டு. கரையேறியதும் மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். இறக்குமுன் திருகி மூடவேண்டும். மறந்தால் ஏரி உள்ளே வந்துவிடும்.

"நீங்க போடலையா?" என்று ஓடிவந்தார் மனைவி.

"நான் எதுக்குப் போடணும்?"

"கயிறு பிடிக்கிறவங்க வேலைதானே அது?"

சண்டை போட நேரமில்லை. மனைவி மறுபடி ஓடி, மறுபடி டிரெய்லரை இறக்கினார். பதற்றத்தில் இரண்டு தடவை கோணிற்று, மூன்றாவதில் சேர்ந்தது. இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகை ஏற்றி, டிரெய்லரின் முன்பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றி, படகில் மாட்டிய பட்டையை இழுத்தார். தண்ணீரைக் குடித்த படகு எருமை மாதிரி கனத்தது. ஒருவழியாகச் சரிவுக்கு மேலே ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துவாரத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"கயிறு பிடிக்கிறவங்க வேலைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. முதல் தடவை வந்தப்போ மூடி படகு இருக்கையில கிடந்துச்சு. நீங்க வண்டியில ஏறிட்டீங்க. நான் எடுத்துப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அங்கேயே கிடக்கும். எனக்காகத்தான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் வைக்கவில்லை. கழுவியதும் கழற்றி இருக்கையில் போடுவார், அதோடு மறந்துவிடுவார். இத்தனை வருஷமும் தானே திரும்பப் போட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தார். ஏரி நடுவில், ஆள் முங்கும் ஆழத்தில், தூண்டிலைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஞாயிறுகளெல்லாம் நினைவுக்கு வந்தன. ஈரப் பேண்ட்டோடு டிரெய்லர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வேற என்னல்லாம் பண்ணிக்கிட்டு இருந்த, எனக்குத் தெரியாம?"

"தெரியாமல்லாம் இல்லீங்க. நீங்க பார்க்கல, அவ்வளவுதான்" என்று மனைவி யோசித்தார். "தண்ணியில முங்குறதுக்கு முன்னாடி டிரெய்லர் விளக்கு வயரைக் கழட்டி விடுவேன். நீங்க ஏறும்போது படகு ஆடாம முழங்காலால அண்டக் கொடுப்பேன். மாத்திரை டப்பாவை உங்க சட்டைப் பையில..."

"அதுவுமா?"

"பின்ன, அது தானா நடந்து வருமா?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. மறைக்க முகத்தைத் திருப்பலாம் என்றால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. அப்படியே இருந்தார். மனைவியும் பார்க்காத மாதிரி பெட்ரோல் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்து சொட்டாகி நின்றது. அவர் மண்டியிட்டு, உடம்போடு சாய்ந்து, மூடியைத் திருகினார். விளக்கு வயரைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இறக்கின. எட்டு மார்க்" என்றார் எழுந்து. "உன் தம்பிக்கு போன் பண்ணி, அடுத்த வாரம் வரவேண்டாம்னு சொல்லிடு."

"நேத்தே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு மனைவி காரில் ஏறினார்.

தனக்குக் கோபம் வரும் என்று அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார்.