மாடு மாடியேறிய நாள்

நெப்ரிஸுக்குத் தன் வயது தெரியாது. ரோமில் அது ஒன்றும் அதிசயமில்லை, அடிமைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அவள் வேலை பார்த்த வீட்டை நினைத்தால்தான் வயிறு எரியும். அவளுடைய எஜமானர் மேசியஸ், செத்துப்போன தளபதிகளின் வாழ்க்கையை எழுதுகிறவர். யார் எந்தத் தேதியில் பிறந்தான், எந்த ஊரில், சூரியன் உதிப்பதற்கு முன்பா பின்பா என்று மாதக்கணக்கில் துருவுவார். ஒரு தளபதிக்கு மரு இருந்தது இடது கன்னத்திலா வலது கன்னத்திலா என்று தெரிந்துகொள்ள, அவனுக்குச் சவரம் செய்த கிழவனைத் தேடி இரண்டு நாள் வண்டியில் போனவர். அந்தக் குறிப்புகளை எல்லாம் பிரதி எடுத்த கை நெப்ரிஸுடையது.

ஒன்பது தளபதிகள், ஒன்பது சுருள்கள். ஒவ்வொன்றும் ஒரே வரிசைதான். பிறப்பு, முகம், சாப்பாடு, பழக்கம், சாவுக்கு முந்திய சகுனங்கள், சாவு. நெப்ரிஸ் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவளுடைய பிறப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். காய்கறிச் சந்தையில் ஒரு தூண் உண்டு. வேண்டாத பிள்ளைகளை அதன் அடியில் போட்டுவிட்டுப் போவார்கள். கீரை விற்கும் ஹிலாரா ஒரு காலையில் அங்கிருந்து அவளை எடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் கேட்டு வாங்கி வளர்த்தாள், ஒன்பது வயதானதும் மேசியஸ் வீட்டுக்கு விற்றாள். எடுத்தவளும் அவள்தான், விற்றவளும் அவள்தான். இருந்தும் சந்தைக்குப் போகும்போதெல்லாம் நெப்ரிஸ் அவளைப் பார்க்காமல் வந்ததில்லை. பெற்றவளுக்கு அதுகூட இல்லை, இவளுக்கு ஒரு முகமாவது இருந்ததே!

அந்தக் கோடையில் மேசியஸுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. கிரேக்க வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, திராட்சை அறுவடையைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லாமல் சொன்னார். பிள்ளை குட்டி இல்லாதவர். சொத்து எல்லாம் தங்கை மகன் டூபெரோவுக்குத்தான் போகும். சொத்து என்றால் வீடு, தோட்டம், சுருள்கள், நெப்ரிஸ்.

"உன்னை விடுதலை பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றார் ஒரு காலை. தேன் கலந்த சூடான திராட்சை ரசத்தை அவள் நீட்டியபோதுதான் சொன்னார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"ஆனா ஒரு சிக்கல். சட்டப்படி முப்பது வயசு ஆகியிருக்கணும். ஆகாட்டி அரை விடுதலைதான்."

அரை விடுதலை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தாள். வாழும்போது சுதந்திரம், சாகும்போது அடிமை. உயில் எழுத முடியாது. கண்ணை மூடினதும் அவள் சம்பாதித்த பாத்திரம், படுக்கை எல்லாவற்றையும் பழைய எஜமான் வீட்டார் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் மகள் வெறும் கையோடு தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெப்ரிஸுக்கு அந்த அரை வேண்டாம்.

"முப்பதுன்னு போடுங்களேன் ஐயா. சுமாரா முப்பது இருக்கும்."

"சுமாராங்கிற வார்த்தையே என் வீட்டுல கிடையாது."

இதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஓகோ! செத்தவன் கன்னத்து மருவைத் தேடிப் போகத் தெரியுது. இருபது வருசத்துக்கு மேல ஒங்க பக்கத்துலயே ஒக்காந்து எழுதினவ எப்பப் பொறந்தான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? நான் என்ன, வீட்டுல கெடக்கிற முக்காலியா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு வீடாக இருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். மேசியஸ் ரசத்தைக் குடித்து முடித்தார். மெழுகுப் பலகையை எடுத்து, மேலே 'பிறப்பு' என்று எழுதினார். பிறகு பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

காய்கறிச் சந்தையில் பல்லக்கு இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. ஹிலாரா முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடியே நெப்ரிஸ், என்னடி இது? பெரிய மனுசனைக் கூட்டிட்டு வந்திருக்கே. நான் வித்தது செல்லாதுன்னு சொல்ல வந்துட்டாரா?"

"இவளை எடுத்த நாள் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் மேசியஸ்.

"இருக்காதா பின்னே? தொப்புள்கொடிகூட காயல. பொறந்து ஒரு சாமம் ஆகியிருக்காது. அன்னைக்குத்தானே மாடு மாடியேறுச்சு!"

மேசியஸின் கையிலிருந்த எழுத்தாணி நின்றுவிட்டது. "எந்த மாடு?"

"எந்த மாடா? ரோமுல எத்தனை மாடு மாடியேறும்? மாட்டுச் சந்தையிலேருந்து பிச்சுக்கிட்டு ஓடி வந்து, அதோ அந்தக் குடியிருப்புல மூணாவது மாடி வரைக்கும் ஏறிட்டு, சன்னல் வழியா தலையை நீட்டிப் பாக்குது. ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. நானும் பாத்துக்கிட்டே பின்னால நகர்றேன், காலுல ஏதோ மெத்துனு படுது. குனிஞ்சா இவ. இன்னும் ரெண்டு அடி நகந்திருந்தா மிதிச்சே கொன்னிருப்பேன்."

சந்தையே சிரித்தது. நெப்ரிஸ் சிரிக்கவில்லை. மேசியஸும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்த மாட்டை இருவருக்கும் தெரியும். ஏழாவது சுருள், சகுனங்கள் அத்தியாயம். தளபதி இறந்த வருஷம் ஜூன் மாதத்தில் ரோமில் ஒரு மாடு மாடியேறி, சன்னல் வழியே அவர் வீடு இருந்த திசையைப் பார்த்து மூன்று முறை கத்தியது என்று எழுதியிருந்தார். மேசியஸ் எழுதியதிலேயே பெரிய பேர் வாங்கிய இடம் அதுதான். விருந்துகளில் வாசித்துக் காட்டும்போது பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். நெப்ரிஸ் அந்தச் சுருளை ஆறு பிரதி எடுத்திருக்கிறாள். அது தன் பிறந்த நாள் என்று தெரியாமலே ஆறு முறை தன் கையால் எழுதியிருக்கிறாள்.

தளபதி இறந்த வருஷம் ஊருக்கே தெரியும். பல்லக்கு திரும்பும் வழியில் அவள் விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் இருபத்தொன்பதும் மூன்று மாதமும்தான் வந்தது. முப்பதுக்கு இன்னும் ஒன்பது மாதம். இவருக்கோ ஒன்பது வாரம் இருந்தால் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் மேசியஸ் தன் மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "குன்று மேல இருக்கிற ஆவணக் கூடத்துக்குப் போ. இதைக் காட்டினா விடுவாங்க. பழைய தினச் செய்தி ஏடுகள் இருக்கும். என்னால அவ்வளவு படி ஏற முடியாது."

"எதுக்கு ஐயா? மாடுதான் ஒங்க புத்தகத்திலயே இருக்கே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வருஷத்தை நான் ஏட்டுல சரிபார்க்கல. இன்னொருத்தர் சொன்னதைக் கேட்டு எழுதினது. கதை நல்லாப் பொருந்துச்சு, விட்டுட்டேன்."

அடுத்தவன் புத்தகத்தில் ஒரு தேதி பிசகினால் நாள் முழுக்க வைகிற மனிதர்! காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது சும்மாவா?

ஆவணக் கூடத்துக் குமாஸ்தா மோதிரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தும்மிக்கொண்டே ஏடுகளைக் கொண்டுவந்து போட்டான். மதியம் வரை தேடினாள். தளபதி இறந்த வருஷத்து ஜூனில் மாடு இல்லை. அதற்கு முந்திய வருஷத்து ஜூன் பத்தாம் தேதியில் இருந்தது. 'காய்கறிச் சந்தை அருகே ஒரு மாடு மூன்றாம் மாடி ஏறியது. ஆட்கள் கயிறு கட்டி இறக்கினார்கள்.' கத்தியதாக எல்லாம் ஒன்றும் இல்லை.

அதற்குக் கீழே, அன்று நகரில் பிறந்ததாகப் பதிந்த பிள்ளைகளின் பெயர்கள். பதினான்கு பேர். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். தான் அதில் இருக்க முடியாது என்று தெரிந்துதான் படித்தாள். மாட்டைப் பதிந்திருந்தார்கள். அவளைப் பதியவில்லை. இருந்தாலும் அந்த ஏட்டை அவ்வளவு சுலபமாக மூட முடியவில்லை அவளால். முப்பது வருஷமும் மூன்று மாதமும். தனக்கும் ஒரு வயது இருக்கிறது!

வந்து சொன்னாள். மேசியஸ் கேட்டுக்கொண்டார். "அப்போ புத்தகம் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை ஊரறியச் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சவில்லை. அவருக்கு வேறு பிள்ளை கிடையாது, அந்த ஒன்பது சுருள்கள்தான் என்பது அவளுக்குத் தெரியாதா? அவர்மேல் பாசமும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே பானையில் கொதித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பிற்பகல் பல்லக்கு குளியல் கூடத்துக்குப் போகும் சாலையில் நின்றது. விடுதலைக்கு நீதிமன்றம்தான் வேண்டும் என்பதில்லை, வழியில் நீதிபதியை மறித்தாலே போதும். நீதிபதி எண்ணெய்க் குடுவையும் துண்டும் தூக்கிய ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்தது யார்? டூபெரோ. கையில் ஏழாவது சுருள். சந்தைச் சிரிப்பு அவன் காது வரைக்கும் போயிருந்தது.

"மாமா, கொஞ்சம் பொறுங்க! ஐயா, இவளுக்கு முப்பது ஆகல. எங்க மாமா புத்தகமே சொல்லுது. மாடு மாடியேறினது தளபதி செத்த வருசம். இவ அன்னைக்குப் பொறந்தவ. இருபத்தொம்பதுதான்!"

நீதிபதியின் முகம் மலர்ந்தது. "அட, மாட்டுக் கதை! அந்த ஒரு இடத்துக்காகவே நான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன் மேசியஸ். எங்க வீட்டம்மா அதைக் கேட்டுட்டு அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

குளிக்க வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. அதில் பாதிப் பேர் மேசியஸின் வாசிப்புக்குக் கைதட்டியவர்கள். நெப்ரிஸ் தரையைப் பார்த்தாள். மேசியஸ் இருமினார். இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

"புத்தகம் தப்பு" என்றார்.

"என்ன?"

"வருசத்தை நான் தப்பா எழுதிட்டேன். மாடு ஏறினது அதுக்கு முந்தின வருசம். தளபதி சாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அது கத்தவும் இல்ல. கத்துச்சுன்னு கேட்டதும் நல்லா இருந்துச்சு, எழுதினேன். ஏடு குன்று மேல இருக்கு, யார் வேணா போய்ப் பாத்துக்கலாம். இவளுக்கு முப்பது வருசம் மூணு மாசம் ரெண்டு நாள்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தான். யாரோ சிரித்தான். டூபெரோ சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். நீதிபதியின் ஆள் விடுதலைச் சடங்குக்கான கோலை அவள்மேல் வைத்தான். மேசியஸ் அவள் கையைப் பிடித்து, வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கையை விட்டார். அவ்வளவுதான். நீதிபதி குளிக்கப் போய்விட்டார்.

நெப்ரிஸ் நடுத்தெருவில் நின்று சிறுபிள்ளை மாதிரி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் மேசியஸ் சொன்ன முதல் வார்த்தை, "ஏழாவது சுருளைப் புதுசா எழுதணும். அந்த மாட்டை எடுத்துடு."

"எடுத்துட்டா அந்த அத்தியாயமே படுத்துடும் ஐயா."

"படுக்கட்டும்."

அவள் கத்தியால் எழுதுகிற நாணலைச் சீவிக்கொண்டே கேட்டாள். "அப்போ அந்த மாடு எதுக்குத்தான் மாடியேறுச்சாம்?"

சகுனம் என்றால் உயிரை விடுகிறவர் அவர். காரணமில்லாமல் ஒரு காக்கைகூடக் கூரையில் உட்காராது என்று நம்புகிறவர். "சகுனம் சரிதான். நான்தான் ஆள் மாத்தி எழுதிட்டேன்" என்றார்.

திராட்சை அறுவடை முடிந்து நான்கு நாள் இருந்தார். அவர் கண்ணை மூடும்போது புதிய சுருள் பாதிதான் ஆகியிருந்தது. மீதியை அவளே முடித்தாள். மாடு இல்லாத அந்தப் புத்தகத்தை யாரும் வாங்கவில்லை. மிச்சப் பிரதிகளை மீன்காரர்கள் பொட்டலம் கட்ட எடுத்துப்போனார்கள். அதற்காக அவள் அழுத அழுகையை ஹிலாராதான் பார்த்தாள்.

நெப்ரிஸ் சந்தைக்குப் பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கும் கடை போட்டாள். வெங்காயம் விற்ற ஒருவனைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகளைப் பெற்றாள், கடையை அவளுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு ஒரு ஜூன் மாதத்தில் இறந்தாள். உயில் செல்லுபடியானது.

கல்லறைக்கு வந்த கல்தச்சன் உளியைத் தீட்டிக்கொண்டே, "வயசு என்ன போடட்டும்மா? சுமார் எழுபதுன்னு போட்டுடவா?" என்று கேட்டான்.

"எங்கம்மாவுக்குச் சுமார் எல்லாம் கிடையாதுண்ணே" என்றாள் மகள். "எழுபத்தொரு வருசம், மூணு நாள். மேல ஒரு மாடு செதுக்கணும், சன்னல்லேருந்து எட்டிப் பாக்குற மாதிரி."

இன்றைக்கும் அந்தக் கல்லறைச் சாலையில் போகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டு, யாரோ மாட்டு வியாபாரியின் பெண்டாட்டி போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.