உதவினேன், உதவினேன், உதவினேன்

1. பரீட்சை நாள்

மதிப்பீட்டாளர் சுகந்தியின் பயிற்சிக் குறிப்பேட்டை மூடி மேசையில் வைத்தார். "இவவை இண்டைக்கு செய்முறைப் பரீட்சைக்கு எடுக்க ஏலாது," என்றார்.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. நான் போதனாசிரியராக இருந்த தொழிற்பயிற்சி நிலையத்தில், படகு எஞ்சின் திருத்தும் வகுப்பில் அந்த வருடம் சுகந்தியை மிஞ்ச ஆளில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. துறைமுகப் பக்கத்தில் ஒரு படகுக் கம்பனி, மாத முடிவுக்குள் சான்றிதழோடு வந்தால் வேலை என்று அவளுக்குச் சொல்லியிருந்தது.

"ஏன் ஏலாது?" என்றேன்.

"நீங்களே வாசியுங்கோ, சேர்."

வாசித்தேன். எஞ்சின் கடையொன்றில் அவள் பெற்ற ஆறு மாதப் பயிற்சி அதில் இருந்தது. ‘கார்பரேட்டர் கழுவ உதவினேன். தண்ணீர் பம்ப் மாற்ற உதவினேன். கியர் பெட்டி கழற்றிப் பூட்ட உதவினேன்.’ பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. தனியாகச் செய்த வேலை குறிப்பேட்டில் இருந்தால்தான் பரீட்சைக்கு எடுப்பார்கள். விதி அது.

"தங்கச்சி, ஒண்டையும் நீங்கள் தனியச் செய்யேல்லையோ?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

2. கடையில்

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கடைக்குப் போனேன்.

"அந்தப் பிள்ளை இங்க என்ன செய்தது? கதிரை துடைச்சதோ?"

முதலாளிக்கும் கோபம் வந்துவிட்டது. "சும்மா கதைக்காதீங்கோ, சேர். கடைசி மூண்டு மாசமும் கியர் வேலை முழுக்க அவதான். நான் கை வைக்கேல்ல."

"பிறகேன் உதவினேன் எண்டதுக்குக் கீழ கையெழுத்து வச்சனீங்கள்?"

"அவ அப்பிடித்தான் எழுதிக் கொண்டந்தவ. நானும் விட்டிட்டன். பொம்பிளைப் பிள்ளை தனியச் செய்தது எண்டு தெரிஞ்சா எஞ்சின் கொண்டு வாற ஆக்கள் வேற கடைக்குப் போயிடுவினம். ஆக்கள் வந்தா அவ ஸ்பனரை என்ர கையில தந்திட்டுத் தள்ளி நிப்பா."

ஸ்பனரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பாளாம்! வேலை செய்தது அவள் கை, பெயர் அவருக்கு. அந்த மனிதருக்கு அதைச் சொல்லக் கூச்சமும் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.

3. யார் சொன்னது

அடுத்த நாள் சுகந்தி நிலையத்துக்கு வந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"ஏன் இப்பிடி எழுதினனீர்?"

"நீங்கள்தானே, சேர், சொன்னனீங்கள்."

"நான் என்ன சொன்னனான்?"

"கடையளுக்குப் போக முன்னம், வகுப்பில சொன்னனீங்கள். போற இடத்தில பெருமை அடிக்கக் கூடாது, முதலாளிமாரை மதிச்சு, உதவினேன் எண்டு எழுதுங்கோ எண்டு. பெடியங்கள் அதைக் கேக்கேல்ல. நான் கேட்டனான்."

சொன்னது நான்தான். அந்த ஒரு வருடம் மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். பணிவு பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சொல் கேட்கிற பிள்ளையின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். கடைக்காரரைத் திட்டினேன், அவள்மேல் கோபப்பட்டேன். திட்டு வாங்க வேண்டிய ஆள் நான்.

4. திருத்தம்

சுகந்தியைக் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடையின் வேலை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் தனியாகச் செய்தவை எவை என்று முதலாளி வாயாலேயே சொல்லவைத்தேன். வாடிக்கையாளர் நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அவள் புதுக் குறிப்பேட்டில் எழுத எழுத, முதலாளி பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைத்தார்.

ஆனால் அடுத்த மதிப்பீடு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் மாதம் முடிந்து, கம்பனி வேலை, வகுப்பில் அவளிடம் கேட்டுக் கேட்டுக் கியர் பூட்டிய பெடியன் ஒருவனுக்குப் போய்விட்டது. அவன்மேல் பிழையில்லை. அவன் ‘செய்தேன்’ என்று எழுதியிருந்தான்.

இப்போது பயிற்சி கொடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன். நானும் இப்படியொரு பயிற்சியால் ஆளானவன்தான். அது இல்லாவிட்டால் எனக்குத் தொழிலே இல்லை. ஆனால் எஞ்சினை மட்டும் படிப்பித்துவிட்டு, செய்ததைச் செய்தேன் என்று சொல்லப் படிப்பிக்காவிட்டால் பாதிப் பயிற்சிதான் கொடுத்திருக்கிறீர்கள். சுகந்தியின் விடயத்துக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை என் முதல் வகுப்பு ‘நான் செய்தேன்’ என்ற ஒரு வசனம்தான்.

மூன்று மாதம் கழித்து அதே மதிப்பீட்டாளர் வந்தார். சுகந்தி அந்த முறை தேறினாள். இப்போது வேறொரு படகுத் தளத்தில் வேலை. அன்று பரீட்சைக்கு முன் மதிப்பீட்டாளர் புதுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் திருப்பி எழுதினது ஆர்?" என்று கேட்டார். சந்தேகத்தோடு என்னையும் பார்த்தார்.

சுகந்தி இந்த முறை நிலத்தைப் பார்க்கவில்லை.

"நான் எழுதினனான்," என்றாள். "சேர் உதவினவர்."