பொமேலியாவுக்குத் தொப்பி

அம்மாவின்மீது குற்ற வழக்குப் பதிவானது பதினொரு முட்டைக்கோதுகளுக்காக. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் பலெர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய கட்டடமொன்றின் படிக்கட்டுகளை அம்மா துடைத்துவந்தார். மூன்றாம் மாடியில் தனியே வாழ்ந்த விதவையை எல்லோரும் சிஞ்ஞோரா, அதாவது அம்மையார், என்றே அழைத்தோம். அவருடைய வாசலையொட்டிய திறந்த தளத்தில், பெரிய மண்சாடியில் ஒரு பொமேலியா நின்றது. நம்மவர் ஈழத்தலரி என்று சொல்லும் அதே மரம். கோடையில் உதிரும் பூக்களை எடுத்துக்கொள்ள சிஞ்ஞோரா அனுமதித்திருந்தார். அவை எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்குப் போயின.

நத்தார்ப் பண்டிகைக்கு அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், இலையுதிர்ந்த கிளைகளின் நுனிதோறும் முட்டைக்கோது கவிழ்த்திருப்பதை அம்மா கண்டார். திருவெம்பாவைக் காலம், வீட்டில் மரக்கறி மட்டுமே. சாமிக்குப் பூக்கும் மரத்தில் இதுவா என்று பதறி, பதினொன்றையும் எடுத்து வாளிக்குள் போட்டதோடு, ஒவ்வொரு நுனியையும் ஈரத்துணியால் துடைத்தும் விட்டார். குளிர் தாக்காதிருக்கப் பலெர்மோக்காரர் தம் பொமேலியாக்களுக்கு இடும் தொப்பி அது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. பத்து நாளில் நுனிகள் கறுத்து அழுகின. அது சிஞ்ஞோராவின் மறைந்த கணவர் நட்ட மரம். வாளியில் கோதுகளைக் கண்டதாகக் கீழ்வீட்டுக்காரர் சொல்ல, அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் சிஞ்ஞோரா பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.

பிறர் உடைமைக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தமை என்பது குற்றச்சாட்டு. அம்மா அப்போது நீண்டகால வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்திருந்தார். குற்றப்பதிவு ஒன்று விழுந்தால் அது கிடைக்குமா என்பதே எங்கள் பயம். தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆலோசனையைத் தந்தார்கள்: எடுக்கவேயில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நீதிமன்றம் நியமித்த சட்டத்தரணி என்னைவிட நாலைந்து வயதே மூத்த பெண். எடுத்ததை மறைக்க வேண்டாம், கெடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்பதே நமது வாதம் என்றார். நான் அலங்காரமாக எழுதிக் கொண்டுபோன நான்கு பக்க விளக்கத்தில் பெயரடைகளையெல்லாம் பென்சிலால் அடித்தார். ஒரு பக்கம் மிஞ்சியது. அதுதான் மேலானது என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாள்கள் பிடித்தன.

வைகாசியில், இத்தகைய சிறு வழக்குகளை விசாரிக்கும் சமாதான நீதிபதியின் முன் நின்றோம். சமரசத்துக்கு இடமுண்டா என்று அறிய விரும்பிய அவர், அம்மாவையே பேசச் சொன்னார். மொழிபெயர்க்க என்னை அனுமதித்தார்.

“ஓம், நான்தான் எடுத்தனான்,” என்றார் அம்மா. “சாமிக்கு வைக்கிற பூமரத்திலை முட்டைக்கோது கிடந்தா எப்பிடிப் பாத்துக்கொண்டு போறது? மரத்துக்குத் தொப்பி போடுறவை எண்டு எனக்கு ஆர் சொன்னது? சின்னப்பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரித்தான் துடைச்சனான்.”

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். மரம் இப்போது எப்படி இருக்கிறது என்று நீதிபதி அவரிடம் கேட்டார்.

“கறுத்த ஒவ்வொரு நுனிக்கும் கீழே இரண்டு துளிர் விட்டிருக்கிறது,” என்றார் சிஞ்ஞோரா. பிறகு, எவரும் கேளாமலே, “நான்கு கிளைகளில் மும்மூன்று.”

சட்டத்தரணி கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார், சிரிப்பில் தோள்கள் குலுங்கின. சிஞ்ஞோரா முறைப்பாட்டை மீளப்பெற்றார், ஒரு நிபந்தனையோடு: வரும் குளிர்காலத்துத் தொப்பிகளை அம்மாவே கொண்டுவர வேண்டும்.

“எத்தினை எண்டு கேள் பிள்ளை,” என்றார் அம்மா.

இருபத்தாறு.

புரட்டாதியில் அட்டை வந்தது. ஐப்பசி தொடங்கி, விரதமில்லாத நாள்களிலெல்லாம் எங்களுக்கு முட்டைப்பொரியல். சாமி குறை பிடிக்காதிருக்க அம்மா ஒவ்வொரு கோதையும் மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினார். குளிர் தொடங்கியதும் மூன்று பேருமாக அவற்றைக் கிளை நுனிகளில் கவிழ்த்தோம். முடிந்ததும் சிஞ்ஞோரா சற்றுப் பின்னே தள்ளி நின்று பார்த்தார். மஞ்சள் நிறம் கூடுதல் சூடு தருமா என்று கேட்டார். உண்மைக் காரணத்தை விளக்க நான் வாயெடுப்பதற்குள், நீதிமன்றத்தில் ஒரு சொல்லும் மறைக்காத அம்மா தமது இத்தாலியனிலேயே உறுதியாக ஆமென்றார்:

“ஸீ, சிஞ்ஞோரா.”