பிரேக் அக்கா வாங்கிய சைக்கிள் ரேக்

பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு, படிக்க வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்யலாமா என்று யோசிப்பதற்குள் அவள் கால் அதை அமுக்கிவிடும். கால் அதோடு நின்றால் பரவாயில்லை. வீட்டில் டிவி பார்க்கும்போதும் கடை வரிசையில் நிற்கும்போதும் அது பாட்டுக்குத் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

கணவர் நேர் எதிர். செயற்கைப் பல் செய்கிறவர். ஒரு பல்லை அரை நாள் ராவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினமும் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர்தான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில், வீட்டு வாசல் மேட்டில் சைக்கிளோடு சரிந்து விழுந்தார். பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றிருந்த அவள் கண் முன்னாலேயே விழுந்தார். ஆஸ்பத்திரி, இதய ஆபரேஷன், மாத்திரை டப்பா என்று நாட்கள் ஓடின. இப்போது டாக்டர், "சைக்கிள் ஓட்டலாம், மேடு கூடாது, டிராஃபிக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வீட்டைச் சுற்றி மேடும் டிராஃபிக்கும் தவிர வேறொன்றும் இல்லை. சமதளமான ரோடு என்றால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில்தான். அதுவரை சைக்கிளை, அவளுடைய பயிற்சிக் காரில் ஒரு ரேக் மாட்டி அதில்தான் கொண்டுபோக வேண்டும்.

"ரேக் விஷயத்த நான் பாத்துக்கறேன், நீங்க அலட்டிக்காதீங்க" என்றாள். அலட்டிக்கொண்டது அவள்தான்.

முதலில் டிக்கி கதவில் பட்டை போட்டுக் கட்டுகிற ரேக்கைப் பார்த்தாள். நம்பர் பிளேட் மறைகிறது, பின் விளக்கு மறைகிறது, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாது. வேண்டாம். அடுத்தது கூரையில் மாட்டுவது. கூரையில் பயிற்சி நிலையத்தின் போர்டு இருக்கிறது. போர்டைக் கழற்றினாலும் அவ்வளவு உயரத்துக்குச் சைக்கிளை யார் தூக்குவது? அவர் தூக்கக் கூடாது, அவளுக்கு எட்டாது. வேண்டாம். மூன்றாவது, பின்னால் கொக்கி வைத்து அதில் மாட்டுவது. தாழ்வாக இருக்கும், விளக்கும் நம்பர் பிளேட்டும் அதிலேயே உண்டு. அதற்கும் ஒரு குறை வைத்திருந்தாள். கொக்கியை வெல்டிங் செய்தவன் அன்று நல்ல மனநிலையில் இருந்தானா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ரேக் கடைக்காரர் பாவம், மூன்று வாரத்தில் இளைத்தே போனார். "அம்மா, இதுல ஒரு கன்னுக்குட்டியவே நிக்க வச்சுக் கொண்டு போலாம்மா."

"பிரேக் அடிச்சா ஆடுமா?"

"ஆடாதும்மா."

"திடீர்னு அடிச்சா?"

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவள் டேப்பை எடுத்து, போன வாரம் அளந்த அதே இடத்தை மறுபடி அளந்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார். "ரேக் பிடிக்கலையா, இல்ல நான் ஓட்டறது பிடிக்கலையா?"

"ரேக்தான்."

"பொய்."

அவள் எழுந்து போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பொய்தான். ரேக் வராத வரைக்கும் சைக்கிள் வீட்டுக்குள் இருக்கும். சைக்கிள் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் மனுஷன் உயிரோடு இருப்பார். அவள் கணக்கு அவ்வளவுதான். மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது? மறுநாளே கொக்கி ரேக்கை வாங்கி மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சைக்கிளை இறக்கிக் கொடுத்தாள். அவர் ஏறி மிதித்தார். நூறு அடி போனதும் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பினால், 'கற்றுக்கொள்பவர், விலகிச் செல்லவும்' என்ற போர்டோடு கார், நான்கு விளக்கும் மின்ன மின்ன, முதல் கியரில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். அவ்வளவு கோபமாக அவரை அவள் பார்த்ததில்லை. "நான் உன் ஸ்டூடன்ட் இல்ல. சாவியக் குடு."

"இல்லீங்க, சும்மா ஒரு பாதுகாப்புக்கு..."

"குடு."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வளைவு தாண்டியதும் மறைந்தார். அவள் காரைச் சுற்றி நடந்தாள். ரேக்கின் திருகுகளை விரலால் இறுக்கிப் பார்த்தாள். போன் பண்ணப் போய் வேண்டாமென்று வைத்தாள். எட்டு நிமிடம். பத்து.

பதினோராவது நிமிடம் அவர் திரும்பி வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. இவள் ஓடினாள்.

"வலிக்குதா? சொல்லுங்க, வலிக்குதா?"

"இல்ல. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "அந்த வளைவு தாண்டினதும் பயம் வந்துடுச்சு. முடியல. வீட்டுக்குப் போயிடலாம்."

மூன்று வாரமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை அது. அவர் வாயாலேயே வந்துவிட்டது. இனி சைக்கிளை விற்றாலும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவரே குனிந்து ரேக்கின் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார். கை நடுங்கியது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். லாரி உரசிப் போன நாளில் ஸ்டியரிங்கில் எத்தனை பேருக்கு அப்படி நடுங்கியிருக்கிறது! பயத்தோடு ஒருவரையும் அவள் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அழுதாலும் திட்டினாலும் இன்னொரு ரவுண்டு ஓட்ட வைத்துத்தான் அனுப்புவாள். அன்றைக்கு அப்படியே போனவர்கள் அப்புறம் வண்டியைத் தொடவே மாட்டார்கள். ஆனால் அந்த ரவுண்டில் பக்கத்தில் அவள் இருப்பாள், அவள் காலுக்கு அடியில் பிரேக் இருக்கும்.

பட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் ஆடியது. சீட்டைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே ஓடினாள், பிறகு விட்டுவிட்டாள். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் கேட்கவில்லை.