ஐஸ் ரூம் பரீட்சை

கத்திரி வெயிலில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. குல்லாய் அப்பாவுடையது, மார்கழித் திருவாதிரைக்கு விடியற்காலையில் கோயிலுக்குப் போகும்போது அவர் போட்டுக்கொள்வது. ஸ்வெட்டர், பக்கத்து வீட்டு அக்கா கல்யாணமான புதிதில் ஊட்டி போனபோது வாங்கியது. அதன் கை என் முட்டிவரை தொங்கியது. கழற்றிப் பையில் வைக்கச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். நான் மசியவில்லை. புவனகிரி தாண்டும்போது கண்டக்டர் என்னைக் கவலையோடு பார்த்து, “பாப்பாவுக்குக் குளிர் ஜுரமாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல அங்கிள், குளுருக்கு டெஸ்ட் குடுக்கப் போறேன்” என்று நானே பதில் சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுக்குக் கடலூர் போகும் வழியில் குடிகாடு கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. தினமும் காலையில் கம்பெனி பஸ் சிதம்பரம் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடும். அந்தக் கம்பெனி இமாச்சலப் பிரதேசத்தில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் இன்னொரு தொழிற்சாலை திறந்தது. இங்கே ஆளைக் குறைக்கப்போகிறார்கள், அங்கே போகிறவர்களுக்கு வேலை நிரந்தரம் என்றார்கள். அப்பா போவது முடிவாகிவிட்டது. அம்மாவும் நானும் கூடப் போவதா, அல்லது அப்பா மட்டும் போய் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து போவதா என்பதுதான் முடிவாகவில்லை.

அப்பாவுக்கு எங்களை அழைத்துப் போக ஆசை. ஆனால் ஆசையை ஆசையாகச் சொல்ல அவருக்கு வராது, விலைவாசியாகத்தான் வரும். அங்கே வாடகை இங்கே கொடுப்பதில் பாதி. பாலை வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். நம் ஊரில் முருங்கைக்காயை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுபோல அங்கே ஆப்பிளைக் கொடுப்பார்களாம். ஃபேன் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், குழம்பு மிஞ்சினால் ஜன்னலோரம் வைத்தால் போதும். “ரெண்டு ஊருல அடுப்பெரிஞ்சா என்னா மிஞ்சும்? ஒரே அடுப்புன்னா மிஞ்சும்” என்று முடிப்பார்.

இதற்கெல்லாம் எதிர்க்கட்சி மாமா. அம்மாவின் அண்ணன், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் மெஷின் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐஸ் போட்ட பையில் மீனோடு வந்து இறங்குவார். அவர் வந்தால்தான் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று பொருள். வடநாட்டைப் பற்றி மாமாவுக்குத் தெரியாதது கிடையாது. டெல்லிவரை ஒரு தடவை லோடு ஏற்றிப் போன லாரி டிரைவர் அவருக்கு சிநேகிதம்.

“தேங்காயத் தராசுல நிறுத்து விக்கிறானுவளாம் மச்சான். மீனு மருந்துக்குக்கூடக் கெடைக்காதாம். வாடக கம்மின்னு போறீங்க, அந்த மிச்சத்தையெல்லாம் வெறகுக்கும் கம்பளிக்குமே கொட்டி அழுவணும். எங்க சுத்துனாலும் ஒண்ணுதான். இங்கியே இருக்கட்டும் ரெண்டு பேரும், நான் பாத்துக்க மாட்டனா?”

ஒவ்வொரு வாரமும் விவாதம் எங்கே சுற்றினாலும் கடைசியில் என் நெஞ்சில் வந்து நிற்கும். மார்கழிப் பனி தலையில் விழுந்தாலே எனக்கு இளைப்பு வந்துவிடும். டாக்டரைக் கேட்டதற்கு, சில பிள்ளைகளுக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இதைச் சொல்ல அவ்வளவு பெரிய போர்டு எதற்கு என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். அம்மா ஒரு வழியாகத் தீர்ப்புச் சொன்னாள்: “புள்ளைக்குக் குளிர் ஒத்துக்கிட்டா எல்லாரும் போவோம். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க.” சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “என் ஐஸ் ரூமுல கால் மணி நேரம் நிக்கட்டும். இருமாம நின்னுட்டா நானே வந்து ரயிலேத்தி வுடுறேன். புது ஸ்வெட்டரும் என் செலவு. என்னா மருமவளே, பந்தயமா?”

நான் உடனே ஒப்புக்கொண்டேன். பனி பார்க்க ஆசைதான். ஆனால் அதைவிட, சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றும் அப்பா இறங்காத தெருவை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது இருமாமல் நின்றுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மூச்சடக்கிப் பழக ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டபோதும் மூச்சடக்கி நின்று வெளியே அனுப்பப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிடும்போது மாமாவிடம் அவருடைய துபாய்க் கதையைச் சொல்லச் சொன்னேன். மாமா கல்யாணமான புதிதில் சில வருஷம் வளைகுடாவில் படகு வேலைக்குப் போயிருந்தவர். அவர் முதல் முறை பெட்டியோடு வந்து வாசலில் நின்றபோது, அவர் மகளே கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “யம்மா, யாரோ அங்கிள் வந்திருக்காரு” என்று உள்ளே கத்தினாளாம். எல்லாக் கல்யாண வீட்டிலும் மாமா இதைக் குழந்தைக் குரலில் நடித்துக் காட்டுவார், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அன்றும் ஆரம்பித்தார். பெட்டியோடு வாசல்வரை வந்தார். எதிரே அப்பா சங்கரா மீனில் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மாமா அந்தக் கையையே பார்த்தார். அப்புறம், “மீதி இன்னொரு நாளு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். அவருக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா பந்தயத்துக்கு நாள் சொல்லாமல் இழுத்தடித்தார். இந்த வாரம் ஓனர் இருக்கிறார் என்றார். அடுத்த வாரம் போட் எல்லாம் வந்திருக்கிறது, வேலை ஜாஸ்தி என்றார். தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். கடைசியில், “தடைக்காலம் வரட்டும். போட்டெல்லாம் கரையிலதான் கெடக்கும், நானும் சும்மாதான் இருப்பேன், அப்ப கூட்டியா” என்று அம்மாவிடம் சொன்னார். மீன் இனப்பெருக்கத்துக்காகச் சித்திரையிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலம் அது. எதிலும் அவசரப்படுத்தும் அம்மா, “சரிண்ணே, அப்பவே வரோம்” என்று ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்படித்தான் கத்திரி வெயிலில் குல்லாயோடு முதுநகரில் போய் இறங்கினேன். துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. சிலவற்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கேட்டிலேயே காத்திருந்தார். மாமா போன் பண்ணினால் பின்னால் மெஷின் இரைச்சலில் அவர் பேசுவது பாதி கேட்காது. அன்று காக்கை கத்துவதுகூட நன்றாகக் கேட்டது.

தடித்த கதவை மாமா இழுத்துத் திறந்தார். உள்ளே இருட்டு. ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடிய கொஞ்சம் ஐஸ் பார்கள். அவற்றின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கதவுவரை ஓடிவந்திருந்தது. நான்கு பேரும் உள்ளே போனோம். அப்பா வழக்கம்போல, தான் ஃபிட்டர் என்பதை மறக்காமல், சுவரில் ஓடிய குழாயில் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

“யப்பா, என்னா குளுரு!” என்று மாமா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார், பல்லைத் தந்தியடித்துக் காட்டினார். அம்மாவும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஆமாண்ணே, கை வெறச்சிப் போச்சு” என்றாள். அப்படி நடுங்கிக்கொண்டிருந்த மாமாவின் காதோரத்தில் வியர்வை வழிந்தது. எனக்கும் ஸ்வெட்டருக்குள் கசகசவென்று வியர்த்தது. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் வியர்க்கும் போலிருக்கிறது என்று அன்று ஒரு விஞ்ஞான உண்மையைத் தெரிந்துகொண்டேன். பல வருஷம் அதை நம்பினேன்.

பாதி நேரத்தில் கம்பளி நூல் ஒன்று மூக்கில் ஏறித் தொண்டை அரித்தது. அடக்கி அடக்கிப் பார்த்தேன், கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் போயிற்று, அப்பா தனியாகத்தான் போகப்போகிறார் என்று நினைத்த அதே நேரம் மாமா இரும ஆரம்பித்தார். சாதாரண இருமல் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்த ரூமே அதிரும்படி இருமினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் இருமியது எனக்கே கேட்கவில்லை. “எனக்குத்தான் வயசாயிடுச்சும்மா, ஒத்துக்கல” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு கால் மணி நேரம் முடிந்தது என்றும் அறிவித்துவிட்டார்.

ஆடி பிறப்பதற்குள் நாங்கள் மலைக்குப் போய்விட்டோம். பால், ஆப்பிள் விஷயத்தில் அப்பா சொன்னது சரியாக இருந்தது. தேங்காய், விறகு விஷயத்தில் மாமா சொன்னதும் சரியாக இருந்தது. வாடகையில் மிஞ்சியதைக் குளிர்காலம் சாப்பிட்டுவிட்டது. இரண்டு பேரும் சண்டை போட்டதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அப்பா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். முதல் வருஷம் எனக்கு இளைப்பு வந்து இரண்டு மூன்று தடவை எல்லாரையும் பயமுறுத்தியது, அப்புறம் நெஞ்சு அந்த ஊருக்குப் பழகிக்கொண்டது. முதல் பனி விழுந்த காலையில், “இது என்ன குளிர், மாமாவோட ஐஸ் ரூம் இத விட ஜாஸ்தி” என்று நான் வீட்டுக்காரம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா சிரித்துச் சிரித்து, முடியாமல் விறகுக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருஷம் தடைக்காலம் தொடங்கிய செய்தியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. படகே போகாத காலத்தில் யார் ஐஸ் போடுவார்கள்? மெஷினை நிறுத்தி எத்தனை நாளாகியிருக்கும்? உடனே அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இப்பத்தான் தெரியுதா ஒனக்கு? நான் அந்தத் தொறைமுகத்துலயே பொறந்து வளந்தவ. உங்கப்பா கொழாயத் தொட்டதுமே கண்டுபுடிச்சிட்டாரு” என்றாள் அம்மா. பிறகு, “எங்கண்ணன் நாம போனப்புறம் ஞாயித்துக்கெழமையில எங்கியும் போவலியாம், அண்ணி சொல்லும்” என்றாள்.

அந்த நாளின் கடைசிக் காட்சி இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மாமா எங்களை பஸ் ஏற்றிவிட வந்தார். எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார், “செயிச்சிட்ட மருமவளே” என்று கன்னத்தைக் கிள்ளினார், கீழே இறங்கி வெயிலில் நின்றார். பஸ் கிளம்பும்போது அவர் முகம் எப்படியோ இருந்தது. பந்தயத்தில் தோற்ற முகம் என்று முடிவு செய்து, எனக்கு ஒரே குஷி. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குல்லாய்க்குள்ளிருந்து, “மாமா, ஸ்வெட்டர மறந்துடாதீங்க!” என்று கத்தினேன்.